அடுப்படியும் அத்திப்பள்ளியும்

நுழையும்முன்

பெங்களூரு மாநகரின் தென்கிழக்கில், ஓசூர்ச் சாலையை ஒட்டி அமைந்துள்ளது பொம்மனஹள்ளி. அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் தமிழ்நாட்டின் ஓசூர் நகரம் உள்ளது. இடையில் இரு மாநிலங்களின் எல்லை. அந்த எல்லை எவற்றைப் பிரிக்கிறது, எவற்றைப் பிரிப்பதில்லை என்பதை அன்றாடப் பேச்சு, வீட்டுச் சமையல், ஒருநாள் பயணம் ஆகியவற்றின் வழியே இப்பாடம் ஆராய்கிறது.

ஊட்ட ஆய்தா?

பொம்மனஹள்ளித் தெருக்களில் நண்பகல் வேளையில் அடிக்கடி கேட்கும் கேள்வி ‘ஊட்ட ஆய்தா?’ என்பதாகும். அங்கு வாழும் தமிழ் மாணவர்கள் ‘ஆய்து’ என்று விடை சொல்லிப் பழகியிருப்பர். ஆனால் அச்சொற்களைச் சற்றே நின்று நோக்கியவர் சிலரே. ‘ஊட்ட’ என்பது உணவைக் குறிக்கும் கன்னடச் சொல். தமிழில் உள்ள ஊட்டு, ஊட்டம் என்னும் சொற்களோடு உறவுடையது. ‘ஆய்தா’ என்பது நம்முடைய ‘ஆயிற்றா’. ‘சாப்பாடு ஆயிற்றா?’ என்று நம் வீட்டுப் பாட்டி கேட்பதையே பக்கத்து வீட்டு அஜ்ஜி தம் மொழியில் கேட்கிறார். விடை தெரிந்த நமக்குக் கேள்வியின் உறவு தெரியாமற் போனது வியப்பே.

2007-ஆம் ஆண்டுக்கு முன் பொம்மனஹள்ளி தனி நகராட்சியாக இருந்தது. அவ்வாண்டு பெருநகர் பெங்களூரு மாநகராட்சி உருவானபோது அதனுடன் இணைக்கப்பட்டது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளும், தெற்கே மின்னணு நகரத்தின் நிறுவனங்களும் பல ஊர் மக்களை இங்கே அழைத்து வந்தன. கிருஷ்ணகிரி, தருமபுரி, வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களும், மண்டியா, கோலார் பகுதிகளிலிருந்து வந்த கன்னடக் குடும்பங்களும் ஒரே சுவரின் இருபுறமும் வாழ்கின்றன. சுவருக்கு இப்பால் கொதிப்பது புளிக்குழம்பு. அப்பால் கொதிப்பது ஹுளி. பெயரை உரக்கச் சொல்லிப் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள உறவு செவிக்கே புலப்படும்.

இரண்டு ஒலி விதிகள்

தமிழில் பகரத்தில் தொடங்கும் சொற்கள் பலவற்றுக்கு உறவான கன்னடச் சொற்கள் ஹகரத்தில் தொடங்குகின்றன. பால் – ஹாலு, பத்து – ஹத்து, புளி – ஹுளி, பூ – ஹூவு, பெண் – ஹெண்ணு, பாம்பு – ஹாவு ஆகியவை சான்றுகள். பழங்கன்னடத்தில் இச்சொற்களும் பகரத்திலேயே தொடங்கின. ஏறத்தாழ 10-ஆம் நூற்றாண்டு முதல் படிப்படியாக அந்தப் பகரம் ஹகரமாக மாறியது. வடமொழியிலிருந்து வந்த ‘பூஜெ’, ‘பாத’ போன்ற சொற்கள் இம்மாற்றத்திற்கு உட்படவில்லை.

இந்த ஒரு விதியைக் கைக்கொண்டால் ஊர்ப்பெயர்கள் பல தாமாகவே பொருள் சொல்லும். ‘ஹள்ளி’ என்பது சிற்றூரைக் குறிக்கும் ‘பள்ளி’. எனவே பொம்மனஹள்ளி என்பது பொம்மன் என்னும் ஆள்பெயரோடு சேர்ந்த பள்ளி. எல்லைக்கு அப்பால் ஓசூரை அடுத்துள்ள தொரப்பள்ளியும் கெலவரப்பள்ளியும் பகரத்தை விடாமல் வைத்திருக்கின்றன. தருமபுரி மாவட்டத்து மாரண்டஹள்ளி தமிழ்நாட்டில் இருந்துகொண்டே கன்னட ஒலியைத் தாங்கி நிற்கிறது. கன்னடத்தில் ‘ஹொச’ என்பது ‘புது’ என்பதன் இனச்சொல். ‘ஹொசூரு’ என்றால் புதிய ஊர். தமிழ்நாடெங்கும் உள்ள ‘புதூர்’ என்பதே அது. தமிழ் வாயில் ஹகரம் மறைந்து ‘ஓசூர்’ ஆயிற்று. காவிரி பாய்ந்து விழும் ஒகேனக்கல்லின் பெயரும் இத்தகையதே. ‘ஹொகெ’ என்பது புகை. ‘கல்லு’ என்பது கல். அருவியின் நீர்த்திவலை புகைபோல் எழுவதால் புகைக்கல் என்று பெயர் பெற்றது.

இரண்டாம் விதி வகரத்தைப் பற்றியது. தமிழில் வகரத்தில் தொடங்கும் சொற்கள் பலவற்றின் கன்னட இனச்சொற்கள் ஒலிப்புடைய பகரத்தில் தொடங்கும். ‘பம்பரம்’ என்னும் சொல்லில் மகர மெய்யை அடுத்து வரும் பகரத்தை ஒலித்துப் பார்த்தால் அவ்வொலி விளங்கும். வா – பா, வேர் – பேரு, வெல்லம் – பெல்ல, வெண்ணெய் – பெண்ணெ என்பன சான்றுகள். வாழைப்பழத்தைக் கன்னடத்தில் ‘பாளெஹண்ணு’ என்பர். இச்சொல்லில் இரு விதிகளையும் ஒருங்கே காணலாம். பழத்தைப் ‘பண்’ என்பது பழந்தமிழில் இல்லாவிடினும், பழங்கன்னடத்தில் அது ‘பண்’ என்றே தொடங்கியது.

பொம்மனஹள்ளிக்கு அருகில் உள்ள மடிவாளத்தின் சோமேசுவரர் கோயிலில் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு உள்ளது. அதில் ‘வெங்களூர்’ என்னும் பெயர் காணப்படுகிறது. அதே வட்டாரத்தில் உள்ள பேகூரின் நடுகல், ஏறத்தாழ 890-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அது கன்னடத்தில் ‘பெங்களூரு’ என்கிறது. ஓர் ஊரின் பெயரை இரு மொழியினரும் தத்தம் நாவுக்கு ஏற்ப எழுதிவைத்தனர். ஒருவர் எழுதியதை மற்றவர் பிழை என்று சொல்ல இடமில்லை.

தெரிந்து தெளிவோம்

தமிழ் இலக்கண நூலார் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தனர். பிற நிலத்திலிருந்து தமிழில் வந்து வழங்குவது திசைச்சொல். புளி – ஹுளி போன்றவை இவ்வகையில் அடங்கா. இவை ஒரு மொழி மற்றொன்றிடம் கடன் பெற்றவை அல்ல. பொதுவான பழைய மூலத்திலிருந்து இரு மொழிகளும் தனித்தனியே பெற்றவை. ஆகவே இவற்றை இனச்சொற்கள் என்பர். தென்னிந்திய மொழிகள் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை 1816-இல் எல்லிஸ் எடுத்துரைத்தார். 1856-இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் அதனை விரிவாக நிறுவினார்.

அடுப்படி

சொல்லின் உறவு சமையலறையில்தான் முழுமையாக விளங்கும். இருபுறத்துக்கும் பொதுவான தானியம் கேழ்வரகு. இந்தியாவில் கேழ்வரகு விளைவிப்பதில் முதலிடம் கர்நாடகத்துக்கு உரியது. தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் முன்னிற்கின்றன. நிலப்படத்தில் கோடு குறுக்கிட்டாலும் செம்மண் மேட்டுநிலமும் மானாவாரி வேளாண்மையும் இருபுறமும் ஒன்றே. கேழ்வரகோடு அவரையை ஊடுபயிராக விதைப்பதும் இருபுறத்து வழக்கமாகும். இத்தனைக்கும் இத்தானியம் இங்கே பிறந்ததன்று. கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில் தோன்றிப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவுக்கு வந்தது. இன்று இதனை அயல் உணவு என்பார் எவரும் இலர்.

நூறு கிராம் கேழ்வரகில் 340 முதல் 360 மில்லிகிராம் வரை சுண்ணாம்புச்சத்து உண்டு. அரிசியில் உள்ள அளவைவிட இது பன்மடங்கு மிகுதி. இந்தியாவின் முன்மொழிவை ஏற்று ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. கிருஷ்ணகிரி உழவர்க்கும் மண்டியா உழவர்க்கும் அவ்வறிவிப்பு தேவைப்படவில்லை. களியை உண்டே அவர்கள் வெயிலில் ஏர் ஓட்டினர்.

தமிழில் களி என்பது கன்னடத்தில் முத்தெ. செய்யும் முறை ஏறக்குறைய ஒன்றே. ஒரு பங்கு மாவுக்கு இரு பங்கு நீரை உப்பிட்டுக் கொதிக்க வைப்பர். கட்டி தட்டாமல் இருக்கச் சிறிது மாவைத் தண்ணீரில் கரைத்து முதலில் ஊற்றுவர். பின்னர் எஞ்சிய மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, கிளறாமல் சில நிமிடம் வேகவிடுவர். வெந்தபின் துடுப்பால் அழுத்திக் கிண்டுவர். இதற்கெனக் கன்னட வீடுகளில் இருப்பது ‘முத்தெ கோலு’. அதில் உள்ள ‘கோலு’ நம் கோல்தான். இறுதியில் கையை நனைத்துக்கொண்டு உருண்டைகளாகப் பிடிப்பர்.

வேறுபாடும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளில் அரிசி நொய்யை முதலில் குழைய வேகவைத்து, அதில் மாவைச் சேர்த்துக் களி கிண்டுவது பெருவழக்கு. கன்னட வீடுகளில் பெரும்பாலும் மாவு மட்டுமே. அங்கே ஹுளியில் சிறிது பெல்லம் சேர்ப்பதுண்டு. அந்த இனிப்பு தமிழ் நாவுக்கு முதலில் புதிதாகத் தோன்றும். களிக்கு நம் வீட்டில் கீரைக் கடைசல்; அவர்கள் வீட்டில் பஸ்ஸாரு. கீரையும் பருப்பும் வெந்த நீரை வடித்து, அதில் மசாலா அரைத்துச் சேர்க்கும் சாறு அது. ‘சாரு’ என்பது நம் ‘சாறு’ என்று சொல்லவும் வேண்டுமோ?

இருபுறமும் ஒரே பெயரில் ஒரே பண்டம் வழங்குவதற்குச் சிறந்த சான்று அவரைப் பருவத்தில் கிடைக்கிறது. மார்கழி, தை மாதங்களில் பெங்களூரின் சந்தைகள் பச்சை அவரையால் நிரம்பும். அந்நாட்களில் ஒரு மாலையில் அண்டை வீடுகளுக்கிடையே நிகழக்கூடிய உரையாடல் இது:

அஜ்ஜி: தகோம்மா, ஹிதுகித பேளெ சாரு. பிசியாகிதெ. (வாங்கிக்கொள் அம்மா. சூடாக இருக்கிறது.)

மாணவி: அம்மா, அஜ்ஜி ஏதோ குழம்பு கொடுத்தார்கள். பெயர் வாயில் நுழையவில்லை.

அம்மா: மூடியைத் திற, பார்ப்போம். அட, இது நம் ஊர்ப் பிதுக்குப் பருப்புக் குழம்பு அல்லவா! பொங்கலுக்குப் பாட்டி செய்வாரே, நினைவில்லையா?

மாணவி: அஜ்ஜி சொன்ன பெயர் வேறாயிற்றே?

அம்மா: பிதுக்கு, ஹிதுக்கு. இரண்டையும் சொல்லிப் பார்.

‘பேளெ’ என்பது பருப்பு. ‘ஹிதுகித’ என்பது ‘பிதுக்கிய’. மாணவிக்கு வாயில் நுழையாத பெயர், பகரத்தை மீட்டு வைத்தவுடன் பாட்டியின் சொல்லாயிற்று. அவள் அதனைப் ‘பீன்ஸ் கறி’ என்று மட்டும் அறிந்திருந்தால் இவ்வுறவை அறிய வழியே இராது. வீட்டுச் சொல்லை இழப்பவர் அண்டை வீட்டுச் சொல்லையும் சேர்த்தே இழக்கிறார்.

செய்முறை: பிதுக்குப் பருப்புக் குழம்பு

உரித்த பச்சை அவரைக்கொட்டை இரண்டு கிண்ணம் எடுத்து, இரவு முழுவதும் நீரில் ஊறவிட வேண்டும். காலையில் ஒவ்வொரு கொட்டையையும் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்துப் பிதுக்கினால் தோல் நீங்கிப் பருப்பு தெறித்து விழும். மல்லி, காய்ந்த மிளகாய், தேங்காய், பூண்டு, இஞ்சி, ஒரு துண்டு பட்டை, ஒரு கிராம்பு ஆகியவற்றை வதக்கி அரைக்க வேண்டும். வாணலியில் எண்ணெய் விட்டுக் கடுகு தாளித்து, வெங்காயமும் தக்காளியும் வதக்கி, பருப்பையும் அரைத்த விழுதையும் சேர்த்து, நீரும் உப்பும் இட்டு, பருப்பு குழையாமல் வேகவிட்டு இறக்க வேண்டும். பிதுக்கும் வேலைக்கு நேரம் மிகுதி. ஆகவே வீட்டார் அனைவரும் ஒரு தட்டைச் சுற்றி அமர்ந்து செய்வது மரபு.

ஒருநாள் பயணம்

விடுமுறை நாளில் பொம்மனஹள்ளியிலிருந்து எல்லையைக் கடந்து வருவதற்குப் பெரிய ஆயத்தம் வேண்டியதில்லை. 2025 ஆகஸ்டு 10 அன்று திறக்கப்பட்ட மெட்ரோவின் மஞ்சள் தடம் ராஷ்டிரிய வித்யாலயா சாலையிலிருந்து பொம்மசந்திரா வரை செல்கிறது. அத்தடத்தில் பொம்மனஹள்ளியும் ஒரு நிலையம். ராகிகுட்டா என்னும் நிலையமும் உண்டு. ராகிக் குவியல் ஒன்று கல்லாகிக் குன்றாயிற்று என்பது அங்குள்ள அனுமன் கோயிலின் தலக்கதை. பொம்மசந்திராவில் இறங்கிப் பேருந்தில் ஏறினால் சந்தாபுரம், அத்திப்பள்ளி என ஊர்கள் வரும். கன்னடர் ‘அத்திபெலெ’ என்பதைத் தமிழர் ‘அத்திப்பள்ளி’ என்கின்றனர். அதுவே கர்நாடகத்தின் கடைசி ஊர். அடுத்தது தமிழ்நாட்டின் ஜூஜூவாடி. கடைகளின் பெயர்ப்பலகைகளில் எழுத்து மாறுவதைக் கண்டே எல்லை கடந்ததை உணரலாம்.

ஓசூர் இன்று தொழில் நகரம். 2019-இல் மாநகராட்சியாக உயர்ந்தது. குன்றின்மேல் சந்திரசூடேசுவரர் கோயில் நகரை நோக்கி நிற்கிறது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878 திசம்பர் 10 அன்று இராஜாஜி பிறந்தார். அவர் பிறந்த இல்லம் நினைவில்லமாகக் காக்கப்படுகிறது. ஓசூர்ச் சந்தையில் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே பேரத்தில் கலந்து ஒலிப்பதைக் கேட்கலாம். ரோசா மலர்களும் காய்கறிகளும் இங்கிருந்து பெங்களூரு சந்தைகளுக்கு நாள்தோறும் செல்கின்றன.

கோடையில் சென்றால் கிருஷ்ணகிரி மாம்பழம் கிடைக்கும். அம்மாவட்டத்தில் மிகுதியாக விளையும் வகைகளுள் ஒன்று கிளிமூக்கு வடிவான தோத்தாபுரி. தமிழ்நாட்டில் அதன் மறுபெயர் பெங்களூரா. சௌசௌ காயைத் தமிழ்நாட்டில் பெங்களூர்க் கத்தரிக்காய் என்பர். கன்னடரோ அதனைச் ‘சீமெ பதனெகாயி’, அதாவது சீமைக் கத்தரிக்காய் என்பர். அதன் தாயகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் ஆகும். தமிழர் பெங்களூரைக் காட்ட, பெங்களூரார் சீமையைக் காட்ட, காய் மட்டும் எல்லார் குழம்பிலும் வெந்துகொண்டிருக்கிறது.

இச்சாலை எந்நாளும் இவ்வளவு எளிதாக இருந்ததில்லை. காவிரி நீர்ச் சிக்கல் முற்றிய 2016 செப்டம்பரில் இரு மாநிலப் பேருந்துகளும் எல்லையில் நின்றுவிட்டன. மூட்டைகளைத் தலையில் சுமந்தும் குழந்தைகளை இடுப்பில் ஏந்தியும் மக்கள் அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் இடையே நடந்தே கடந்தனர். அத்தகைய நாட்களில் மொழி, அடையாளம் காட்டும் பொருளாகிவிடுகிறது. தெருவில் தாய்மொழியைத் தாழ்ந்த குரலில் பேச வேண்டிய நிலை வருகிறது. சினம் மூளும்போது முதலில் மறக்கப்படுவது அண்டை வீட்டாரோடு பரிமாறிய கிண்ணமே. ஆனால் வன்முறை ஓய்ந்தபின் இயல்பு வாழ்வு திரும்புவதும் அக்கிண்ணத்தின் வழியேதான்.

திரும்பி வரும் நீர்

பேருந்து நின்ற நாட்களிலும் தடையின்றி எல்லையைக் கடந்தது ஒன்று உண்டு. அது பெங்களூரின் கழிவுநீர்.

நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணையைக் கன்னடர் தட்சிண பினாகினி என்பர். அது பெங்களூரின் கிழக்கே பாய்ந்து, ஓசூர் அருகே தமிழ்நாட்டில் நுழைந்து, கெலவரப்பள்ளி அணையையும் கிருஷ்ணகிரி அணையையும் கடந்து, கடலூர் அருகே கடலில் கலக்கிறது. மடிவாளம் ஏரியின் உபரிநீர் அகரம் ஏரிக்கும், அங்கிருந்து பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளுக்கும் சென்று, பின் இவ்வாற்றை அடைகிறது. பொம்மனஹள்ளி வட்டாரத்தில் பாத்திரம் கழுவிய நீரும் துணி துவைத்த நீரும் சுத்திகரிக்கப்படாமல் வடிகாலில் விடப்பட்டால் அவற்றின் வழியும் இதுவே.

பெல்லந்தூர் ஏரியில் நுரை பொங்கிச் சாலைக்கு வந்ததை நாடே கண்டது. 2017 பிப்ரவரியில் அவ்வேரியின் மேற்பரப்பில் தீயும் பற்றியது. அந்நுரை கர்நாடகத்தோடு முடியவில்லை. கெலவரப்பள்ளி அணையிலிருந்து நீர் திறக்கப்படும் நாட்களில் ஆற்றில் வெண்ணுரை குவியலாகத் திரள்வதும், தரைப்பாலத்தை மூடுவதும் பலமுறை நிகழ்ந்துள்ளன. சலவைத்தூளிலும் பாத்திரம் துலக்கும் பொருள்களிலும் உள்ள நுரை வேதிப்பொருள்களும், சுத்திகரிக்கப்படாத சாக்கடையும், ஆலைக் கழிவும் இதற்குக் காரணங்கள்.

அந்த அணை நீரைக் கொண்டே ஓசூர் வட்டார உழவர் பயிர் செய்கின்றனர். அங்கு விளையும் காய்கறிகள் மீண்டும் ஓசூர்ச் சாலை வழியே பெங்களூருக்கு வருகின்றன. ஆகவே நாம் அடுப்படித் தொட்டியில் ஊற்றுவது எல்லை தாண்டிச் சென்று, காயாகவும் கீரையாகவும் நம் தட்டுக்கே திரும்பக்கூடும். எல்லையைக் காட்டி ‘அது அவர்கள் ஊர்’ என்று சொல்வதற்கு ஆறு இடம் தருவதில்லை.

இதற்கு முழுத் தீர்வு வீடுகளின் கையில் மட்டும் இல்லை. கழிவுநீரைச் சுத்திகரித்தபின்னரே ஏரியில் விடுவது அரசுகளின் கடமை. ஆலைக் கழிவைத் தடுப்பதும் அவற்றின் கடமையே. எனினும் வீடு செய்யக்கூடியவை சில உண்டு. பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாமை, தட்டில் ஒட்டிய உணவை வழித்தபின் கழுவுதல், சலவைத்தூளை அளவோடு பயன்படுத்துதல் ஆகியன அவை. களிப்பாத்திரத்தை நீரில் ஊறவிட்டுத் தேங்காய் நாரால் தேய்த்த பாட்டிகளுக்கு நுரை தேவைப்படவில்லை.

நிறைவாக

ஆட்சிக்கு எல்லை வேண்டும். வரி, சட்டம், பள்ளி, காவல் ஆகியவற்றை யார் நடத்துவது என்பதற்கு அது விடை சொல்கிறது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்ததால் அவரவர் தாய்மொழியில் கற்கவும் ஆளவும் வாய்ப்புக் கிட்டியது, அது பெரும்பேறு. ஆயினும் நம் அன்றாட வாழ்வின் பெரும்பகுதி அக்கோட்டை அறியாது. கேழ்வரகும் அவரையும் அதனை அறிந்து விளைவதில்லை. புளிக்கும் ஹுளிக்கும் உள்ள உறவு அக்கோட்டைவிடப் பழையது. ஆறு அதனைக் கேட்டு ஓடுவதில்லை. இதனை உணர்ந்தவர் தம் மொழியை விட்டுக்கொடுக்கவும் வேண்டா; பிறர் மொழியை எள்ளி நகையாடவும் வேண்டா. பக்கத்து வீட்டிலிருந்து வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது இருபுறத்தும் வழக்கமில்லை. அதில் நம் வீட்டுப் பண்டத்தை இட்டு, அதன் பெயரையும் சேர்த்துச் சொல்லித் தருவோம்.

சொல்லும் பொருளும்

இனச்சொல் – ஒரே மூலத்திலிருந்து கிளைத்த உறவுச்சொல்
நொய் – உடைந்த அரிசி
கடைசல் – வேகவைத்து மத்தால் கடைந்த உணவு
மானாவாரி – மழையை மட்டும் நம்பிய வேளாண்மை
ஊடுபயிர் – முதன்மைப் பயிருக்கு இடையே விதைக்கும் பயிர்
திவலை – சிறுதுளி
உபரிநீர் – நிரம்பி வழியும் நீர்

மதிப்பீடு

அ) சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. ‘ஹொகெ’ என்னும் கன்னடச் சொல்லின் தமிழ் இனச்சொல்
(க) பகை (ங) புகை (ச) புது (ஞ) பழம்

2. கேழ்வரகின் தாயகம்
(க) கிழக்கு ஆப்பிரிக்கா (ங) மெக்சிகோ (ச) கர்நாடகம் (ஞ) சீனம்

3. பிற நிலத்திலிருந்து வந்து தமிழில் வழங்கும் சொல்
(க) இயற்சொல் (ங) திரிசொல் (ச) திசைச்சொல் (ஞ) இனச்சொல்

ஆ) பாடத்தில் கற்ற ஒலி விதிகளைக் கொண்டு தமிழ் இனச்சொல்லை எழுதுக.

1. ஹல்லு – ______
2. ஹுலி – ______
3. ஹாடு – ______
4. பெள்ளி – ______
5. பாளெ – ______

இ) பொருத்துக.

1. தொரப்பள்ளி – புதிய ஊர்
2. ஹொசூரு – தென்பெண்ணை
3. தட்சிண பினாகினி – தோத்தாபுரி
4. பெங்களூரா – இராஜாஜி

ஈ) ஓரிரு தொடர்களில் விடை தருக.

1. ‘ஊட்ட ஆய்தா?’ என்னும் தொடருக்கும் தமிழுக்கும் உள்ள உறவு யாது?
2. களி, முத்தெ இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறிப்பிடுக.
3. சௌசௌ காயின் பெயர்களிலிருந்து நீங்கள் அறிவது யாது?

உ) ஐந்து தொடர்களில் விடை தருக.

1. கடன்சொல், இனச்சொல் ஆகியவற்றை வேறுபடுத்திக் காட்டுக.
2. பெங்களூரின் கழிவுநீர் ஓசூர் உழவரை அடையும் வழியை முறைப்படுத்தி எழுதுக.

ஊ) ஒரு பக்க அளவில் விடை தருக.

‘வீட்டுச் சொல்லை இழப்பவர் அண்டை வீட்டுச் சொல்லையும் சேர்த்தே இழக்கிறார்’ – இக்கருத்தை உங்கள் பட்டறிவிலிருந்து சான்று தந்து விளக்குக.

எ) செயல்பாடு

1. உங்கள் பாட்டி அல்லது தாத்தாவிடம் கேட்டு, இப்போது உங்கள் வீட்டில் வழங்காத சமையற்சொற்கள் பத்தினைத் தொகுக்க. கருவி, பண்டம், பக்குவம், அளவை என வகைப்படுத்துக.

2. அண்டை வீட்டில் கன்னடம், தெலுங்கு அல்லது மலையாளம் பேசுவோரிடம் அச்சொற்களுக்கு அவர்கள் வழங்கும் பெயரைக் கேட்டு எதிரே எழுதுக. இனச்சொற்களை அடிக்கோடிடுக.

3. உங்கள் வீட்டுச் சமையலறைத் தொட்டி நீர் எந்த ஏரியை அல்லது ஆற்றைச் சென்றடைகிறது என்பதைப் பெரியவர்களின் உதவியுடன் அறிந்து, அதன் வழியைப் படமாக வரைக.

சிந்தனை வினா

உங்கள் ஊரில் மாநில எல்லையை அறியாமல் வாழ்பவை எவை? மூன்றனைக் கூறி, ஒவ்வொன்றுக்கும் காரணம் தருக.